பின்னி மில் தொழிலாளர் தலைவர் திரு.வி.க.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரு.வி.க. என்றால் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் தமிழறிஞர் நினைவுக்கு வருவார். வடசென்னைக்காரர்களுக்கு அது ஒரு குடியிருப்பின் பெயர், ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். 1918 முதல் 1947 வரை பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களோடு அவருக்கு இருந்த உறவைப் பற்றிக் கேட்டால்தான் பலரும் முழிக்கிறார்கள். அந்த உறவைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

திரு.வி.க. ஆலையில் வேலை பார்த்தவரா?

இல்லை. ஒரு நாள்கூட தறி முன்னால் நின்றவர் இல்லை. 1883 ஆகஸ்ட் 26 அன்று செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் பிறந்தார். முழுப்பெயர் திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம். பூர்வீகம் திருவாரூர், விருத்தாசலம் அப்பாவின் பெயர். படித்தது இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில். அங்கே அவருக்குத் தமிழ் ஊட்டியவர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனபோது, ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்த் தேர்வையே கோட்டைவிட்டார். அதோடு பள்ளிப் படிப்பு நின்றது.

அப்புறம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. சுதேசி இயக்கத்தில் மனம் போனதால் அது நிலைக்கவில்லை. வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழாசிரியராக இருந்தார். 1917இல் அதையும் விட்டுவிட்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் ஆனார். ஆக, தொழிலாளர் மேடையில் முதல்முறை ஏறியபோது அவர் 34 வயதுப் பத்திரிகையாளர். ஆலைக்கு முழுக்க முழுக்க வெளியாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பலமும் பலவீனமும் இங்கிருந்துதான் வருகின்றன.

பின்னி மில் என்பது எது? பி அண்ட் சி மில் வேறா?

இரண்டும் ஒன்றுதான். பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாட்டிக் ஆலை 1881இலும் தொடங்கப்பட்டன. இரண்டையும் நிர்வகித்தது பின்னி கம்பெனி. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாகின. காகிதத்தில் பி அண்ட் சி, ஊர் வாயில் பின்னி மில். பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, சூளை, பெரம்பூர் என்று சுற்றியுள்ள பேட்டைகளில் ஏதோ ஒரு வீட்டிலாவது பின்னி மில்லுக்குப் போனவர் இருப்பார். பட்டாளச் சிப்பாய்களுக்கான காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை அது. முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல ஓட்டம்.

அந்தக் காலத்தில் வேலை நிலைமை எப்படி இருந்தது?

1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, பஞ்சாலையில் வயது வந்தவர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, கொண்டுவந்த சோற்றைத் தின்று, சங்கு ஊதுவதற்குள் உள்ளே போயாக வேண்டும். தாமதமானால் கூலியில் பிடித்தம். மேஸ்திரியின் ஏச்சும், சில சமயம் அடியும் உண்டு. போர்க் காலத்தில் அரிசி விலையும் துணி விலையும் ஏறிக்கொண்டே போயின. கூலி அந்த வேகத்துக்கு ஏறவில்லை.

சங்கத்தின் ஆரம்பகாலக் கோரிக்கைகளில் ஒன்று சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்பது. அரை மணி 40 நிமிடம் ஆனது. பத்து நிமிடம்தானே என்று இன்று தோன்றலாம். அதுவரை நிர்வாகத்திடம் வாய்திறந்து கேட்டு எதையும் வாங்கிப் பழகாதவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம்.

சங்கத்தைத் தொடங்கியது திரு.வி.க.வா, வாடியாவா?

இரண்டு பேர் பெயரைச் சொல்லி மூன்றாவது, நான்காவது ஆளை மறந்துவிடுகிறோம். ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு இருவர்தான் முதல் காரணம். கடைக்கு வரும் தொழிலாளர்களின் கஷ்டத்தைத் தினமும் காதில் வாங்கியவர்கள் அவர்கள். பெரம்பூர் பக்கம் அவர்கள் நடத்திவந்தது வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. பெயரே சொல்கிறது, அது பக்திச் சொற்பொழிவு மன்றம். புராணம் கேட்கத் தொழிலாளர்கள் கூடுகிற அந்த இடத்தில், 1918 மார்ச்சில் திரு.வி.க.வை அழைத்துத் தொழிலாளர் நிலையைப் பற்றிப் பேச வைத்தார்கள். பக்தி மேடை தொழிலாளர் மேடையானது இப்படித்தான்.

பிறகு கடைக்காரர்கள் இருவரும் அன்னி பெசண்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் பி.பி.வாடியாவைப் பிடித்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். செல்வபதியும் இராமானுஜலுவும் செயலாளர்கள். என்னைக் கேட்டால், கடைக்காரர்கள் இருவருக்கும் வரலாறு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் இதுதானா?

அப்படித்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். கறாராகப் பார்த்தால் பம்பாயில் 1890இலேயே லோகாண்டே ஆலைத் தொழிலாளர்களுக்கு ஓர் அமைப்பு தொடங்கியிருந்தார். ஆனால் உறுப்பினர் பட்டியல், சந்தா, நிர்வாகிகள், தொடர்ந்த கூட்டங்கள் என்று இன்று நாம் சங்கம் என்று சொல்கிற வடிவத்தில் முதலில் இயங்கியது சென்னைச் சங்கம்தான். அகமதாபாத்தின் புகழ்பெற்ற பஞ்சாலைச் சங்கம் 1920இல்தான் வருகிறது.

வாடியா யார்? பம்பாய்க்காரர் எப்படி இங்கே வந்தார்?

பார்சி சமூகத்தவர். அன்னி பெசண்ட் தலைமை வகித்த பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) வழியாக அடையாற்றுக்கு வந்தவர். 1917இல் பெசண்டோடு சேர்த்து அவரையும் அரசு காவலில் வைத்தது. தொழிலாளர் கூட்டங்களில் அவர் பேசியது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஆனால் காரியத்தில் கெட்டிக்காரர். 1919இல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராகப் போனார். பெரம்பூர்த் தொழிலாளியின் குறை கடல் தாண்டிக் கேட்டது அவரால்தான். இன்னொரு பக்கம், போர் நடக்கும்போது சிப்பாய்களுக்குத் துணி நெய்யும் ஆலையில் வேலைநிறுத்தம் கூடாது என்று தொழிலாளர்களைத் தடுத்தவரும் அவரே.

வாடியா ஏன் சங்கத்தை விட்டு விலகினார்?

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் ஒரு நெசவாளரின் பதவி உயர்வு தொடர்பாகத் தகராறு வந்தது. நிர்வாகமே ஆலையைப் பூட்டும் கதவடைப்பில் முடிந்தது. டிசம்பர் 9 அன்று வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பாக வந்த போலீஸார், கூட்டத்தின் மீது சுட்டார்கள். பாபுராவ், முருகன் என்ற இரண்டு பேர் இறந்தார்கள்.

இதற்கிடையே கம்பெனி வேறொரு ஆயுதத்தை எடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்கு. பெரிய தொகை நஷ்டஈடு கேட்டு மனு, கூடவே இடைக்காலத் தடை. இங்கிலாந்தில் அப்போதே சங்கத் தலைவர்களை இப்படி வழக்கில் இழுக்க முடியாது. இந்தியாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது: கம்பெனி நஷ்டஈட்டை வலியுறுத்தாது, வாடியா சங்கத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிட வேண்டும்.

கேட்கச் சமரசம் மாதிரி இருக்கிறது. தலைவரை எடுத்துவிட்டுச் சங்கத்தை விட்டுவைத்தார்கள் என்பதே உண்மை. அதற்குப் பிறகு திரு.வி.க., இன்னொரு தொழிலாளர் தலைவரான சக்கரைச் செட்டியார் போன்றவர்களின் தோளில் பாரம் விழுந்தது.

அந்த வழக்கால் ஏதாவது நல்லது நடந்ததா?

நடந்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம்.ஜோஷி 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இழுத்து இழுத்து 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1927 ஜூனில் அமலானது. அதன் 18ஆம் பிரிவு, தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லிப் பதிவுபெற்ற சங்கத்தின் மீதும் அதன் நிர்வாகிகள் மீதும் சிவில் வழக்குப் போட முடியாது என்றது. வாடியாவை வீழ்த்திய அதே வழக்குக்கு எழுதிய பதில் போலவே இருந்தது. 2024இல் திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யப் போராடினார்களே, அந்தப் பதிவு இதே 1926 சட்டத்தின் கீழ்தான்.

1921 வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது?

திரு.வி.க.வின் தொழிற்சங்க வாழ்க்கையில் மிகக் கடினமான கட்டம் இதுதான். மே மாதம் கர்நாட்டிக் ஆலையில் கதவடைப்பு. ஜூன் 20 முதல் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம். ஆலைகள் இரண்டிலும் சேர்த்துச் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள் என்று கலந்து வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

அடுத்து நடந்ததைத் தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் சிலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. ஆலைச் சண்டை தெருவுக்கு வந்து சாதிச் சண்டையானது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பதிலுக்குப் பதில் தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் சிலர் செத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளர்கள் எதையும் வெல்லாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு நிர்வாகமே ஒரு தொழிலாளர் நலக் கமிட்டி அமைத்துச் சங்கத்தின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தது.

ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ‘கருங்காலி’ வேலை செய்தார்கள், அதாவது வேலைநிறுத்தத்தை உடைத்தார்கள் என்பது சரியா?

அப்படிச் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. 1918 முதல் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கையில் சேமிப்பு இல்லாதவர், கடன் கொடுக்க ஆள் இல்லாதவர், ஊரில் துண்டு நிலம்கூட இல்லாதவர் எத்தனை மாதம் தாங்குவார்? அதோடு, சங்க மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். ஆலைக்குள் ஒரே தறிக்கூடத்தில் நின்றாலும் வெளியே தெருவும் கிணறும் வேறுவேறாக இருந்த காலம். ‘நம் எல்லோருக்கும் ஒரே நலன்’ என்ற பேச்சு அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். அந்தக் கட்சியின் மற்றத் தலைவர்களோ, அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்றார்கள். இந்த விரிசல் ஆறவில்லை. 1923இல் ராஜா அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

நிர்வாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. ஆனால் பிளவை அவர்கள் உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. சங்கம் அதைப் பார்க்கத் தவறியது என்பதே என் கருத்து.

அப்போது திரு.வி.க. என்ன செய்தார்?

அமைதி காக்கச் சொல்லிப் பேசினார், எழுதினார். அவர் யாரையும் தூண்டிவிட்டவர் இல்லை. சாதி பார்க்காத சன்மார்க்கம் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். இருந்தாலும் மேடைப் பேச்சால் அணைக்க முடிகிற தீ இல்லை அது. புளியந்தோப்புச் சேரிக்குள்ளிருந்து வந்த தலைவர் ஒருவர் சங்கத்தின் முன்வரிசையில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவரை நாடு கடத்தப் பார்த்தார்களாமே?

ஆமாம். 1921இல் ஆளுநர் வெலிங்டன் தொழிலாளர் தலைவர்களை அழைத்து எச்சரித்தார். திரு.வி.க.வை நாடு கடத்தும் யோசனை அரசிடம் இருந்தது. அதைத் தடுத்தவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார். திரு.வி.க. காங்கிரஸ்காரர், தியாகராயர் நேர் எதிர்க்கட்சி. அரசியல் மேடையில் ஒருவரையொருவர் விட்டுவைக்காதவர்கள். இருந்தும் இது நடந்தது.

அவருடைய பாணி எப்படிப்பட்டது? கம்யூனிஸ்டா, காந்தியவாதியா?

காந்தியவாதி; மார்க்ஸ் மீதும் மதிப்புள்ளவர். இரண்டையும் சன்மார்க்கத்தோடு சேர்த்துக் குழைத்தார். கோட்பாட்டு ஆட்களுக்கு அது பிடிக்காது, தொழிலாளிக்குப் புரிந்தது. கூட்டத்தில் திருமுறையிலிருந்தும் திருக்குறளிலிருந்தும் எடுத்துப் பேசி, கூலிக் கணக்குக்கு வந்து சேர்வார். அவருடைய பெரிய கொடை அவர் பேசிய தமிழ்தான். ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் பேசிய தலைவர்கள் நிறைந்த அந்த நாளில், அரசியலையும் தொழிலாளர் உரிமையையும் நேராகத் தமிழில் பேசவும் எழுதவும் முடியும் என்று காட்டினார். முதலில் தேசபக்தனில், 1920 அக்டோபர் முதல் நவசக்தியில்.

பலவீனம்? எல்லோரிடமும் நல்லது இருக்கிறது என்று நம்புகிற சுபாவம். பேச்சுவார்த்தை மேசையில் அது எப்போதும் உதவாது.

சிங்காரவேலரோடு உறவு எப்படி?

நட்பு உண்டு; பாதை வேறு. 1921 போராட்டத்தில் சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் நின்றார். 1923 மே 1 அன்று சென்னையில் மே தினக் கூட்டங்கள் நடத்தினார், இந்தியாவிலேயே முதல்முறையாக. அவர் கம்யூனிசத்தின் பக்கம் போனார். திரு.வி.க. அந்த எல்லையைத் தாண்டவில்லை.

காங்கிரசில் அவர் பெரிய ஆளா?

தமிழ்நாட்டு அளவில், ஆமாம். 1925 காஞ்சிபுரம் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை ஏற்கவில்லை என்று பெரியார் வெளியேறிய அதே மாநாடு. மேலே விவரித்தால் அதுவே தனிக் கட்டுரை.

1947இல் காங்கிரஸ் அரசே அவரைக் காவலில் வைத்ததா?

வைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பின்னி மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 14,000 தொழிலாளர்கள். ஏறத்தாழ 100 நாள். அப்போது சங்கத் தலைவர் எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இலங்கையில் மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்துவிட்டு இங்கே வந்த டிராட்ஸ்கியவாதி, அதாவது ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வழி வந்த பொதுவுடைமைக்காரர். அவரைக் கைது செய்தார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சர். தொழிலாளர் பக்கம் பேசிய திரு.வி.க.வுக்கு வீட்டுக்காவல்.

வெள்ளைக்கார ஆளுநர் நாடு கடத்தப் பார்த்து விட்டுவிட்ட மனிதரை, தான் வளர்த்த கட்சியின் அரசு வீட்டுக்குள் பூட்டியது. அப்போது அவருக்கு 63 வயது தாண்டியிருந்தது, பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அந்தோணிப்பிள்ளை பின்னாளில், 1957இல், வடசென்னையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார்.

குடும்பம், சொத்து?

1912இல் கமலாம்பிகையை மணந்தார். இரண்டு குழந்தைகள், இரண்டுமே தங்கவில்லை. 1918இல் மனைவியும் இறந்தார். சங்கம் தொடங்கிய அதே ஆண்டு. மறுமணம் செய்துகொள்ளவில்லை. இராயப்பேட்டையில் ஓர் அச்சகம் நடத்தினார், நிறைய எழுதினார், பணம் சேர்க்கவில்லை. கடைசிக் காலத்தில் பார்வை முழுதாகப் போனபிறகு சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.

வெளியாட்கள் சங்கத் தலைவராக இருக்கலாமா? இன்றும் இந்தக் கேள்வி வருகிறதே?

வரும். நிர்வாகங்கள் 1918இலேயே இதைத்தான் கேட்டன: ‘எங்கள் தொழிலாளியோடு பேசுகிறோம், நீ யார்?’ பதில் எளிது. உள்ளேயிருந்து பேசியவனை மறுநாளே வேலையை விட்டுத் தூக்க முடியும், வாடியாவையோ திரு.வி.க.வையோ அப்படித் தூக்க முடியாது. அதனால்தான் 1926 சட்டம் நிர்வாகக் குழுவில் பாதி வரை வெளியாட்களை அனுமதித்தது. 2001 திருத்தம் அதை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது என்று சுருக்கியது. வெளியாள் தேவைப்பட்டது உண்மை. வெளியாளை மட்டும் நம்பினால் தொழிலாளருக்குள்ளேயே இருக்கும் விரிசல் தெரியாமல் போகும் என்பதும் புளியந்தோப்பில் தெரிந்தது.

மில் இப்போது இருக்கிறதா? போனால் என்ன பார்க்கலாம்?

1996இல் மூடிவிட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் அந்த வளாகம் சினிமாப் படப்பிடிப்புத் தளம்; அடிதடிக் காட்சி என்றால் அங்கேதான் என்று ஆகிப்போனது. இன்று பெரும்பகுதியில் அடுக்குமாடிகள். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கட்டடம் பட்டாளம் ஸ்ட்ராஹான்ஸ் சாலையில் இருக்கிறது. திரு.வி.க. நகர் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் புளியந்தோப்பு வருகிறது. அது இப்போது பட்டியலினத்தவருக்கான தனித் தொகுதி. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் 1923 கூட்டம் நடந்ததாகச் சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். கூட்டங்கள் நடந்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும்.